பாலம் யாருக்குச் சொந்தம்?

ஆற்றின் மேல் இருப்பது ஒன்று. ரெயில் பாதைக்கு மேல் இருப்பது ஒன்று. வயல் வாய்க்காலின் மேல் போட்ட பனங்கட்டை ஒன்று. எல்லாம் பாலம்தான்! ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றல்ல.

நிலக்கரி ஊரில்

கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது நெய்வேலி. ஒரு காலத்தில் முந்திரியும் மணிலாவும் விளைந்த செம்மண் பூமி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் கிணறு வெட்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி!

1956-ம் வருஷம் நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. 2016-ல் அந்த நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது.

நெய்வேலிச் சுரங்கம் பூமிக்குள் குகை போல் போவது அல்ல. மேல் மண் முழுவதையும் வாரி எடுத்துவிட்டுக் கரியை வெட்டுகிறார்கள். ஆகவே சுரங்கம் நகர நகர, நிலம் போகிறது. வாய்க்கால் திரும்புகிறது. ஓடை இடம் மாறுகிறது. கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஓடவும் வாய்க்கால் வேண்டும்.

புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும்? இந்தக் கரையில் வீடு. அந்தக் கரையில் வயல். நடுவே தண்ணீர்!

அப்போது எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பாலம் உண்டா?"

அதற்கு மேல் இன்னும் நாலு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பாலத்தை யார் கட்ட வேண்டும்? கட்டினால் அது யாருக்குச் சொந்தம்? பழுதானால் யார் பார்க்க வேண்டும்? "இதில் போகாதே" என்று யாராவது மறிக்க முடியுமா?

இந்த நாலு கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. ஒரு காணி நிலம் உள்ளவரும், நிலமே இல்லாமல் அந்த வழியாக வேலைக்குப் போகிறவரும் தெரிந்து கொள்ள வேண்டியது.

எது பாலம்?

இந்திய ரோடு காங்கிரஸ் என்று ஒரு சபை இருக்கிறது. ரோடு போடும் என்ஜினீயர்களுக்கு விதி வகுப்பது அதுதான். அதன் கணக்கு மிகவும் எளிது. மொத்த நீளம் 6 மீட்டர் வரை இருந்தால் அது கல்வெர்ட்டு. நம் ஊரில் மதகு என்றும் சிறுபாலம் என்றும் சொல்கிறோமே, அது. 6 மீட்டருக்கு மேல் போனால் பாலம். 60 மீட்டர் வரை சிறிய பாலம். 60 மீட்டருக்கு மேல் பெரிய பாலம்.

மழைக் காலத்தில் தண்ணீர் மேலே ஏறி ஓடும்படி தாழ்வாகக் கட்டியிருப்பது தரைப்பாலம். அதைத் தாம்போதி என்றும் சொல்வார்கள்.

சொத்து என்ற முறையில் பார்த்தால் பாலம் அசையாச் சொத்து. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டப்படி, பூமியில் பதிந்து நிற்பது எல்லாம் அசையாப் பொருள். சுவர் எப்படியோ, தூண் ஊன்றிய பாலமும் அப்படியே. 1908-ம் வருஷத்துப் பத்திரப் பதிவுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நடந்து போகும் பாத்தியதையும், ஓடத்துறை நடத்தும் பாத்தியதையும்கூட அசையாச் சொத்துதான் என்கிறது. கண்ணுக்குத் தெரியாத வழிக்கும் நிலத்தைப் போலவே மதிப்பு உண்டு!

நிலம் ஒருவருக்கும் அதன் மேல் உள்ள கட்டடம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்க முடியுமா? முடியும். 1958-ல் பம்பாய் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இதை ஒப்புக் கொண்டது. ஆகவே, "மண் என்னுடையது, எனவே பாலமும் என்னுடையது" என்று எல்லாச் சமயத்திலும் சொல்லிவிட முடியாது. யார் கட்டினார், எந்த ஏற்பாட்டின் பேரில் கட்டினார் என்று கோர்ட்டு பார்க்கும்.

ரோடு எவருடையதோ, பாலம் அவருடையது

பொதுப் பாலங்களுக்கு விதி எளிது. ரோடு எவருடையதோ, அதன் மேல் உள்ள பாலமும் அவருடையதே.

விக்கிரவாண்டியில் இருந்து தஞ்சாவூருக்குப் போகும் 36-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நெய்வேலியைத் தொட்டுக் கொண்டு போகிறது. 1956-ம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 4-வது பிரிவைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய சர்க்காருக்குச் சொந்தம். நெடுஞ்சாலை என்றால் தார் ரோடு மட்டும் அல்ல. அதன் மேலும் குறுக்கும் உள்ள பாலங்கள், மதகுகள், சுரங்கப் பாதைகள், தாம்போதிகள் எல்லாம் அதில் அடக்கம். ஓரத்து வேலியும், மரமும், மைல் கல்லும்கூட அடக்கம்!

தேசிய நெடுஞ்சாலை அல்லாத பெரிய ரோடுகள் தமிழ்நாடு சர்க்காரின் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. அரசியல் சட்டத்தில் ரோடு, பாலம், ஓடத்துறை மூன்றும் ராஜ்யங்களின் பட்டியலில் 13-வது இனமாக இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையும் ரெயில்வேயும் மட்டும் மத்திய சர்க்காரின் பட்டியலில் இருக்கின்றன.

கிராமத்து ரோடு? 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவு அதைச் சொல்கிறது. கிராம ரோடுகளையும், அவற்றின் மேல் உள்ள பாலம், மதகு, தாம்போதிகளையும் கட்டிக் காப்பது கிராம ஊராட்சியின் கடமை. ஊராட்சி ஒன்றிய ரோடாக இருந்தால், 112-வது பிரிவின்படி அது ஒன்றியத்தின் கடமை.

நெய்வேலி டவுன்ஷிப்பின் கதை சற்று வேறு. அங்கே ரோடும் வீடும் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆகவே அந்த ரோடுகளின் மேல் உள்ள மதகு உடைந்தால், மனு ஊராட்சித் தலைவருக்கு அல்ல. நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

பாலத்தில் ஓட்டை என்று மனு எழுதுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த ரோடு யாருடைய ரோடு? தப்பான ஆபீசுக்கு அனுப்பிய மனு, மேஜை மேஜையாக அலைந்து கொண்டே இருக்கும். அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும்!

ரோட்டோரத்து வாய்க்கால்

"ரோட்டோரத்து வாய்க்கால் மீது என் வீட்டுக்கு எதிரே நானே இரண்டு பலகைக் கல் போட்டுக் கொண்டேன். அது என் பாலம்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள்.

அல்ல! 1905-ம் வருஷத்துச் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பொது ரோடு, தெரு, சந்து, பாதை, அவற்றின் மேலும் ஓரத்திலும் உள்ள பாலம், பள்ளம், வரப்பு, வேலி, ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் எல்லாம் சர்க்கார் சொத்து என்று அதன் 2-வது பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாமல் போட்ட கல்லை எடுக்கச் சொல்ல அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

ஆனால் அதே பிரிவு ஜனங்களையும் கைவிடவில்லை. பொது ஜனங்களின் வழிப் பாத்தியதைக்கும், பக்கத்து நிலத்தாரின் அனுபவ பாத்தியதைக்கும், வழக்கத்தில் உள்ள உரிமைக்கும் உட்பட்டுத்தான் சர்க்காருக்குச் சொந்தம் என்கிறது. சொத்து சர்க்காருடையது. நடக்கும் உரிமை ஜனங்களுடையது!

தேசிய நெடுஞ்சாலையில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2002-ம் வருஷத்துச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் வண்டியில் நெடுஞ்சாலைக்குள் நுழைய எவருக்கும் உரிமை கிடையாது. நடந்து போனாலும், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூட்டமாக என்றால் அனுமதி வேண்டும். ஆகவே ரோட்டோரத்தில் ஓட்டலோ, பெட்ரோல் பங்கோ, அரிசி ஆலையோ வைக்கிறவர், வாய்க்கால் மேல் மதகு கட்டும் முன் மனுப் போட்டு அனுமதி வாங்கியே தீர வேண்டும்.

ரெயில் குறுக்கே வந்தால்

கடலூர்-விருத்தாசலம் ரெயில் பாதை நெய்வேலி வழியாகப் போகிறது. ரெயில் பாதை ஒருவருடைய நிலத்தை இரண்டாகப் பிளந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் வருஷத்து ரெயில்வே சட்டத்தின் 16-வது பிரிவு நிலத்துக்காரர் பக்கம் நிற்கிறது. பிளந்து போன நிலத்தை உபயோகிக்க வசதியாக, கடவையோ, பாலமோ, மதகோ, பாதையோ ரெயில்வேயே கட்டித் தர வேண்டும். பராமரிக்கவும் வேண்டும்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது: "எனக்குப் பாலம் வேண்டாம், பணமாகக் கொடுங்கள்" என்று நிலத்துக்காரர் நஷ்டஈடு வாங்கிக் கொண்டிருந்தால், அப்புறம் பாலம் கேட்க முடியாது. தாத்தா பணம் வாங்கியிருந்தால், பேரன் பாலம் கேட்டாலும் கிடைக்காது!

இரண்டாவது: அந்த நிலத்தின் வழியாக ரெயில் ஓடத் தொடங்கிய நாளில் இருந்து 10 வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ரெயில்வே தன் செலவில் புதிதாகக் கட்டித் தரக் கடமைப்பட்டது அல்ல. கேட்கிறவர் தம் செலவில் கட்டிக் கொள்ள 17-வது பிரிவு இடம் தருகிறது. அதற்கும் ரெயில்வேயின் சம்மதம் அல்லது மத்திய சர்க்காரின் உத்தரவு வேண்டும்.

பத்து வருஷம் நீண்ட காலம் போலத் தோன்றும். பாகப்பிரிவினை, கல்யாணம், கடன் என்று காலம் ஓடிவிடும். கேட்க வேண்டியதை அப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக் கொள்வதே நல்லது.

வயலுக்குப் போகும் பாலம்

கிராமத்தில் அதிகமாகச் சண்டை வருவது பெரிய பாலத்துக்காக அல்ல. வாய்க்காலின் மேல் கிடக்கும் நாலு முழக் கட்டைக்காகத்தான்!

கந்தசாமி, வேலாயுதம் என்று இரண்டு விவசாயிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கந்தசாமியின் வயலுக்குப் போக வேண்டுமானால், வேலாயுதத்தின் நிலத்தில் உள்ள வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அங்கே ஒரு கட்டைப் பாலம். கந்தசாமியின் அப்பா காலத்தில் இருந்தே அதில்தான் போகிறார்கள். ஒரு நாள் வேலாயுதம் வேலி போட்டுவிட்டார்.

"என்ன அண்ணே, இப்படிச் செய்துவிட்டீர்கள்?" என்று கேட்கிறார் கந்தசாமி.

"என் நிலம் தம்பி. இஷ்டம் இருந்தால் விடுவேன், இல்லாவிட்டால் மறிப்பேன்" என்கிறார் வேலாயுதம்.

யார் சொல்வது சரி?

இதற்குப் பதில் சொல்வது 1882-ம் வருஷத்து அனுபவ பாத்தியச் சட்டம். இந்தச் சட்டம் முதன் முதலில் அமுலுக்கு வந்த இடங்களில் சென்னை ராஜதானியும் ஒன்று. அதன் 15-வது பிரிவுப்படி, ஒரு வழியை 20 வருஷம் தடையின்றி, சமாதானமாக, எல்லோரும் பார்க்கும்படி, உரிமையோடு உபயோகித்து வந்தால், அது அசைக்க முடியாத உரிமையாகிவிடும். எதிரே இருப்பது சர்க்கார் நிலமாக இருந்தால் 30 வருஷம் வேண்டும். வழி மறிக்கப்பட்டால் இரண்டு வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போய்விட வேண்டும். சும்மா இருந்தால் உரிமை நழுவிவிடும்.

ஆனால் "உரிமையோடு" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. கந்தசாமியின் அப்பா ஒவ்வொரு வருஷமும் வேலாயுதத்தின் அப்பாவிடம் போய், "இந்த வருஷமும் போக விடுங்கள்" என்று கேட்டு வந்திருந்தால் அது உரிமை அல்ல. அனுமதி! அனுமதியின் பேரில் ஐம்பது வருஷம் நடந்தாலும் அனுபவ பாத்தியம் வராது.

சரி, அனுமதி என்றால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாமா? பொதுவாகச் செய்யலாம். ஆனால் அதே சட்டத்தின் 60-வது பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து, நிலையான வேலை ஒன்றைக் கட்டி முடித்துவிட்டால், பிறகு அந்த அனுமதியை ரத்து செய்ய முடியாது. "கட்டிக் கொள்" என்று வேலாயுதம் சொல்லி, கந்தசாமி சிமெண்டும் கம்பியும் வாங்கிப் பாலம் கட்டியிருந்தால், பிறகு மறிப்பது சுலபம் அல்ல. கட்டையைப் போட்டு வைத்தால் அந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினம். ஆகவே கட்டும் முன் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது இரு வீட்டுக்கும் நல்லது.

டிராக்டர் போகலாமா?

இன்னொரு தகராறு. அப்பா நடந்து போனார். மகன் டிராக்டர் வாங்கியிருக்கிறார். அதே பாலத்தில் டிராக்டர் ஓட்டலாமா?

28-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒரு வகை வழி உரிமைக்குள் மற்றொரு வகை அடங்காது. கால்நடையாகப் போகும் உரிமை வண்டி ஓட்டும் உரிமை ஆகாது. டிராக்டருக்கு வேலாயுதத்தின் சம்மதம் தனியாக வேண்டும்.

ரிப்பேர் செலவு? 25-வது பிரிவுப்படி, வழியை அனுபவிக்கிறவரே செலவு செய்ய வேண்டும். நிலத்துக்காரர் சல்லிக்காசு கொடுக்க வேண்டியதில்லை. மேலும், ரிப்பேர் பார்க்காமல் விட்டதால் பாலம் இடிந்து, வாய்க்கால் அடைத்து, நிலத்துக்காரரின் பயிர் அழிந்தால், 26-வது பிரிவுப்படி பாலத்துக்காரர் நஷ்டஈடு தர வேண்டும். உரிமை இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கிறது!

வேறு வழியே இல்லாத நிலத்துக்குத் தனிச் சலுகை உண்டு. ஒருவர் தம் நிலத்தைப் பிரித்து விற்கும்போது, வாங்கியவருக்கு வெளியே போக வேறு வழி இல்லாவிட்டால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் வழி உண்டு. இதற்கு 20 வருஷம் காத்திருக்க வேண்டாம். ஆனால் பிறகு அவருக்கு வேறு வழி ஏற்பட்டுவிட்டால், அந்தச் சலுகை தீர்ந்துவிடும்.

நிலத்தையே எடுத்துக் கொண்டால்?

நெய்வேலிப் பக்கத்து ஜனங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இது.

பொதுக் காரியத்துக்காகச் சர்க்கார் நிலம் எடுக்கும்போது, நஷ்டஈடு தீர்மானித்து நிலத்தைச் சுவாதீனப்படுத்தினால், அந்த நிலம் எந்தப் பாரமும் இல்லாமல் முழுக்கச் சர்க்காருக்குப் போய்ச் சேர்கிறது. 1894-ம் வருஷச் சட்டத்தின் 16-வது பிரிவு இப்படியே சொன்னது. "எந்தப் பாரமும் இல்லாமல்" என்றால், அந்த நிலத்தின் மேல் மற்றவர்களுக்கு இருந்த உரிமைகளும் அதோடு போய்விடும் என்று பொருள். தாத்தா காலத்து ஒற்றையடிப் பாதையும் கட்டைப் பாலமும் காகிதத்தில் மறைந்துவிடும்!

சுவாதீனம் என்றால் வேலி போட்டுக் காவல் வைப்பது என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அதிகாரிகள் இடத்துக்கு வந்து மகஜர் எழுதினாலே போதும் என்று 2020 மார்ச் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள். அதன் பிறகு அங்கே பயிர் வைப்பவர், சட்டத்தின் பார்வையில் பிறர் நிலத்தில் இருப்பவரே.

இதன் வேதனையை 2023-ல் எல்லோரும் பார்த்தார்கள். பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று, ஜூலை 26-ந் தேதி வளையமாதேவி பக்கம் எந்திரங்கள் இறங்கின. வயலில் நெற்பயிர் நின்று கொண்டிருந்தது. 2006-க்கும் 2013-க்கும் இடையே எடுக்கப்பட்ட நிலம் என்றது நிறுவனம். இத்தனை வருஷம் உழுது பயிர் செய்து வந்த நிலம் என்றார்கள் விவசாயிகள். விஷயம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது.

பயிருக்குப் பணம் வந்தது. ஆனால் பாதைக்கு?

அதற்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. ஒருவருடைய நிலத்தில் ஒரு பாகத்தை எடுப்பதால், மிச்ச நிலம் துண்டாகிப் போய் நஷ்டம் ஏற்பட்டால், அதையும் கணக்கிட்டு நஷ்டஈடு தர வேண்டும். 1894-ம் வருஷச் சட்டத்தின் 23-வது பிரிவில் இது இருந்தது. 2013-ம் வருஷச் சட்டத்தின் 28-வது பிரிவிலும் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இருக்கிறது.

ஆகவே நஷ்டஈட்டு விசாரணைக்கு நோட்டீஸ் வரும்போது, "என் நிலத்துக்கு என்ன விலை?" என்று மட்டும் கேட்டு வந்துவிடக் கூடாது. "மிச்சம் உள்ள அரை ஏக்கருக்கு நான் எப்படிப் போவேன்? அங்கே பாலம் கட்டித் தருவீர்களா? இல்லாவிட்டால், சுற்றிப் போகும் நஷ்டத்துக்கு என்ன தருவீர்கள்?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குரிய வேளை அந்த விசாரணைதான். பிறகு கேட்டால், நஷ்டஈடு கேட்டு வழக்கு நடத்துவது மலையைப் புரட்டுகிற வேலை.

வட இந்தியாவில் இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. 1873-ம் வருஷத்து வட இந்தியக் கால்வாய்ச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, சர்க்கார் வெட்டும் கால்வாயைக் கடக்கச் சர்க்கார் செலவிலேயே வசதி செய்ய வேண்டும். போதிய பாலம் இல்லை என்று நிலத்துக்காரர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால், கலெக்டர் விசாரித்தே ஆக வேண்டும். அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. என்றாலும், தனியாகப் போய்க் கேட்பதைவிடப் பக்கத்து நிலத்தார் நாலு பேர் சேர்ந்து கேட்பது எங்கும் பலம்தான்.

கட்டணம் எதற்கு?

பாலத்தில் போகக் காசு கொடுக்க வேண்டுமா? இது பழைய கேள்வி.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. ஒரு காலத்தில் ஓடம்தான். பாலம் கட்டலாம், செலவை ஈடுகட்டச் சுங்கம் வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், ஏழை ஜனங்கள் காசு கொடுத்துக் கடக்கக் கூடாது என்று, சுமார் அரை லட்சம் ரூபாய்ச் செலவைத் தாமே ஏற்றார் என்பார்கள். 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. பணம் அவருடையது, பாலம் ஊருடையது! தனி மனிதர் கட்டிய பாலம் பொது ஜனங்களுக்கென்று விடப்பட்டுவிட்டால், பிறகு வாரிசுகள் வந்து "எங்கள் சொத்து" என்று கதவு போட முடியாது.

இன்று தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்குக் கட்டணம் வாங்க 1956-ம் வருஷச் சட்டத்தின் 7-வது பிரிவு அதிகாரம் தருகிறது. பாலம், மேம்பாலம் அதிகம் உள்ள பகுதிக்குக் கட்டணமும் அதிகம். ஏனென்றால், பாலத்தின் ஒரு கிலோமீட்டரைப் பத்துக் கிலோமீட்டராகக் கணக்கிடுவார்கள். 2025 ஜூலையில் இது சற்று மாறியது. அந்தப் பழைய கணக்கு ஒன்று. அந்தப் பகுதியின் மொத்த நீளத்தை ஐந்தால் பெருக்குவது இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுவே கட்டணத்துக்கு அடிப்படை. 40 கிலோமீட்டர் தூரமும் மேம்பாலமாகவே இருந்தால், முன்பு 400 கிலோமீட்டருக்குக் கட்டணம். இப்போது 200 கிலோமீட்டருக்கு. சரிபாதி!

இடிந்தால் யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் 1530-ம் வருஷம், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், பாலங்களுக்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். அப்போது பல பாலங்கள் இடிந்து கிடந்தன. கேட்டால், "என் பொறுப்பு அல்ல" என்று ஒவ்வொருவரும் கையை விரித்தார்கள். எவர் பொறுப்பு என்று தெரியாத பாலத்தை அந்த மாவட்டமே பழுது பார்க்க வேண்டும் என்றது சட்டம். அதோடு விடவில்லை. பாலத்தின் இரு முனையிலும் 300 அடி ரோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. ஏறவும் இறங்கவும் வழி இல்லாவிட்டால் அது என்ன பாலம்!

நம் நாட்டிலும் 1966-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. டெல்லி சாந்தினி சவுக்கில் நகரசபைக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் மாண்டார்கள். "பழுது வெளியே தெரியவில்லை" என்று நகரசபை சொன்ன சமாதானத்தைக் கோர்ட்டு ஏற்கவில்லை. ரோட்டோரத்தில் உள்ள கட்டடத்தைச் சோதித்துப் பார்ப்பது சொந்தக்காரரின் கடமை. விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி என்றது. பாலத்துக்கும் இதே நியாயம்தான்.

2022 அக்டோபர் 30-ந் தேதி குஜராத்தில் மோர்பி நகரின் தொங்கு பாலம் அறுந்து விழுந்தது. 135 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் பலர். பாலம் நகராட்சியுடையது. பராமரிப்பு ஒரு தனியார் கம்பெனியுடையது. குஜராத் ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. 2023 ஏப்ரலில் அந்த நகராட்சியையே ராஜ்ய சர்க்கார் கலைத்துவிட்டது. வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது!

வீட்டில் இருக்க வேண்டிய காகிதங்கள்

வயலுக்குப் போகும் வழியில் பாலம் உள்ள ஒவ்வொரு குடும்பமும் சில காகிதங்களைப் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்.

பட்டாவும் சிட்டாவும் வேண்டும். புலப்படம் வேண்டும். வாய்க்கால் சர்க்கார் புறம்போக்கா, தனியார் நிலமா என்பதை அதில் பார்த்துக் கொள்ளலாம். 20 வருஷமா, 30 வருஷமா என்று முடிவு செய்வது அதுதான். பழைய பத்திரத்தில் வழி பற்றி ஒரு வரி இருந்தாலும் அதைக் கோடிட்டு வைக்க வேண்டும். பாலம் கட்டிய செலவுக்கு ரசீது இருந்தால் கிழித்தெறியக் கூடாது. பக்கத்து நிலத்தார் அனுமதி கொடுத்தால், வாயால் சொன்னதோடு விடாமல் எழுதி வாங்க வேண்டும். சர்க்கார் நோட்டீஸ் வந்தால், அதில் குறித்த தேதிக்குள் பதில் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால், ஒவ்வொரு தாலுகாவிலும் உள்ள இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போகலாம்.

நெய்வேலியின் சுரங்கம் இன்னும் நகர்ந்து கொண்டுதான் இருக்கிறது. வாய்க்கால்கள் இன்னும் வெட்டப்படும். நிலத்தை இழந்தவருக்கு நஷ்டஈட்டுப் பணம் கையில் வரும். ஆனால் நிலத்தை இழக்காமல், வழியை மட்டும் இழந்தவர் வாய் திறந்து கேட்டால்தான் அவருக்கு ஏதாவது வரும்.

கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டிய நாளில், எழுத்தில் கேளுங்கள்!